பொன் தேடிச் சென்ற வழி

கோலார்த் தங்கவயலோடு ஏதேனும் ஓர் உறவு இல்லாத தமிழ்க் குடும்பம் பெங்களூரில் அரிது. பாட்டனார் சுரங்கத்தில் உழைத்தவராக இருப்பார். அன்றேல் பெண் கொடுத்த இடமோ, பெண் எடுத்த இடமோ அங்கே இருக்கும். ஆயினும் நம் சங்கத்தின் வார இறுதித் தமிழ் வகுப்பில், "தங்கவயலுக்குப் பொன் தேடி வழி கண்டு சென்றவர் யார்?" என வினவியபோது சிறார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கினர். ஒரு சிறுவன் மட்டும் எழுந்து, 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படமொன்றின் கதாநாயகனைக் குறிப்பிட்டான். வகுப்பே நகைத்தது. நாமும் நகைத்தோம். ஆனால் அவனைக் குறை சொல்லி என்ன பயன்? அவ்வழியை அவனுக்குக் காட்டியவர் யார்?

ஆகவே சிறார்களை அவ்வழியே அழைத்துச் செல்வது என முடிவாயிற்று. வெறும் உல்லாசப் பயணமாக அது அமைந்துவிடக் கூடாது என்பதற்காக ஓர் ஏற்பாடு செய்தோம். ஒவ்வொரு குழுவினரும் மூன்று படங்கள் வரைதல் வேண்டும். அடியில் இருப்பது தெரியும் மெல்லிய தாளில் 1802-ஆம் ஆண்டின் நிலம் ஒன்று; அதன்மேல் வைக்க 1902-ஆம் ஆண்டின் நிலம் ஒன்று; மூன்றாவதில் தம் கண்ணால் காண்பது. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், எது மாறிற்று, எது மாறவில்லை என்பது தானே புலப்படும். ஆசிரியர் வாய் வலிக்கப் பேசுவதினும் இது மேல்.

இரண்டு ஆண்டுகளை ஏன் இப்படித் தேர்ந்தோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1799-ஆம் ஆண்டில் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், மைசூர் நாட்டின் எல்லைகளை அளக்கும் பணி தொடங்கிற்று. அதில் ஈடுபட்டவர் ஜான் வாரன் என்னும் படைத்துறை லெப்டினென்ட். கீழை எல்லையை அளந்து வருங்கால், உரிகம், மாரிக்குப்பம் ஆகிய ஊர்களின் பக்கத்தில் மக்கள் மண்ணிலிருந்து பொன் எடுக்கின்றனர் என்னும் செய்தி அவர் செவிக்கு எட்டியது. காட்டுவோர்க்குப் பரிசு உண்டு என அறிவித்தார். சிற்றூர் மக்கள் வண்டியில் மண் கொணர்ந்து, அவர் கண்ணெதிரே நீரில் அலசி, பொன் துகளைக் காட்டினர் என்பர். அது 1802-ஆம் ஆண்டு. அவர் எழுதிய குறிப்பு 1804-இல் அச்சாயிற்று.

இவ்விடத்தில் ஒரு மாணவி கேட்ட கேள்வியைக் குறிக்காமல் மேலே செல்ல மனம் வரவில்லை. "ஐயா, அந்த ஊர்க்காரர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறதே, பிறகு வாரன் எப்படிக் கண்டுபிடித்தவர் ஆவார்?" என்றாள் அவள். வாரன் கண்டது பொன்னையன்று. பொன்னை அறிந்திருந்த மக்களையே அவர் கண்டார். ஆண்கள் குழி வெட்டிக் கல்லையும் மண்ணையும் மேலேற்ற, பெண்கள் அலசிப் பொன் பிரிக்கும் தொழில் அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது. சோழர் கல்வெட்டுகள் குவளாலம் என்று குறிக்கும் ஊரே இன்றைய கோலார். அந்நிலப் பகுதிக்கு நிகரிலிச் சோழ மண்டலம் என்று பெயர் வைத்து ஆண்ட காலமும் உண்டு. ஆயினும் படத்தில் எழுதியவரின் பெயர் நின்றது. அலசிக் காட்டியவரின் பெயர் நிற்கவில்லை. அம்மாணவியின் குழு தன் முதற்படத்தில் 'வாரன்' என்று எழுதியதற்குக் கீழே 'வழி காட்டியோர்: மாரிக்குப்பத்து மக்கள்' என்றும் எழுதியது. நாம் திருத்தவில்லை.

வாரனைப் பற்றி இன்னொரு செய்தி. அவர் பிறப்பால் பிரெஞ்சுக்காரர். பின்னாளில் சென்னை வான் ஆய்வுக் கூடத்தின் பொறுப்பை ஏற்றார். 1825-இல் 'கால சங்கலித' என்னும் பெயரில், தென்னாட்டவர் காலத்தைக் கணிக்கும் முறைகளை விளக்கும் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். புதுச்சேரியிலிருந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தாளும் எழுதுகோலும் இன்றி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு தரையில் சோழிகளைப் பரப்பியே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அந்நூலில் பதிந்துள்ளார். பொன்னைவிட இதுவே அவர் நமக்கு விட்டுச்சென்ற பெரிய செல்வம் என்பது நம் கருத்து. மாணவர்கள் இதை ஏற்கவில்லை. பொன்னே பெரிது என்றனர்.

வாரனுக்குப் பின் எழுபது ஆண்டுகள் வீணே கழிந்தன. ஆய்வுகள் நடந்தன, பழைய சுரங்கக் குழிகளில் விபத்துகள் நேர, 1859-இல் நிலத்தடித் தோண்டலுக்கே தடை வந்தது. பின்னர் வந்தவர் மைக்கேல் லாவெல். நியூசிலாந்துப் போரில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற அயர்லாந்துக்காரர். பெங்களூர்த் தண்டில் குடியிருந்தார். 1804-ஆம் ஆண்டின் குறிப்பைப் படித்து, 1871-இல் ஏறத்தாழ 60 மைல் மாட்டு வண்டியில் கோலாருக்குச் சென்றார். இரண்டாண்டு தேடியபின் மைசூர் அரசுக்கு விண்ணப்பித்து, 2-2-1875 அன்று இருபதாண்டு உரிமம் பெற்றார். இன்று பெங்களூரின் செல்வர் வாழும் லாவெல் சாலை அவர் பெயரால் வழங்குவதே. நம் பயணத்தை அங்கிருந்தே தொடங்கினோம். அச்சாலையில் நாள்தோறும் பள்ளிப் பேருந்தில் செல்லும் சிறுவன் ஒருவன், "இது ஒரு மனிதரின் பெயரா?" என வியந்தான்.

தண்டு நிலையத்தில் வண்டி ஏறியதும் வேறொரு வினா எழுந்தது. சென்னை இருப்புப்பாதை 1864-இலேயே சோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுக்கு வந்துவிட்டது. அவ்வாறிருக்க, 1871-இல் லாவெல் ஏன் மாட்டு வண்டியில் சென்றார்? நல்ல வினா. இதற்கு அவர் எழுதிய விடை எதுவும் நம் கையில் இல்லை. ஆயினும் நாமே சன்னலோரம் அமர்ந்து பார்த்தபோது விடை ஒன்று தோன்றிற்று. இரயிலில் செல்பவன் நிலையங்களைக் காண்கிறான். நிலத்தை ஆராய்பவனுக்கோ நின்று குனிந்து கல்லை எடுத்துப் பார்க்க வேண்டும். மாட்டின் நடைக்கு ஏற்பவே அவன் கண்ணும் நடக்கும். மாணவர்கள் இதைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். ஒருவன் மட்டும், "டிக்கெட் விலை அதிகமாக இருந்திருக்கும்" என்றான். அதுவும் இருக்கலாம்!

அன்று சனிக்கிழமை. நாம் சென்ற வண்டியில் இடம் தாராளமாக இருந்தது. எதிரே வந்த வண்டியைக் காண வேண்டுமே! வாயிலில் தொங்கிக்கொண்டும், படியில் அமர்ந்துகொண்டும் மக்கள். மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காரப்பேட்டையிலிருந்தும் விடியுமுன் புறப்பட்டுப் பெங்களூருக்கு வேலைக்கு வருவோர் அவர்கள். கடைகளில், தொழிற்சாலைகளில், காவல் பணியில், மருத்துவமனைகளில் வேலை செய்துவிட்டு, இரவு வீடு திரும்புவர். 1871-இல் ஒருவர் பெங்களூரிலிருந்து பொன் தேடிக் கிழக்கே சென்ற அதே வழியில், பொன் எடுத்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று பிழைப்புத் தேடி மேற்கே வருகின்றனர். சிறார்களிடம் மூன்றாம் படத்தில் அம்புக்குறியை எப்பக்கம் இடுவீர்கள் என்று கேட்டோம். சிறிது நேரம் பேச்சில்லை. பின்பு ஒரு சிறுமி, "எங்கள் அப்பாவும் முதலில் இந்த வண்டியில்தான் வந்து போனாராம், அப்புறம் இங்கேயே வீடு பார்த்துக்கொண்டாராம்" என்றாள்.

வழியெல்லாம் மாற்றங்களே. ஒயிட்பீல்டு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலோ இந்தியர் உழவு செய்து வாழ அமைத்த சிற்றூர். இன்று கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் அங்கே. மாலூரில் ஓட்டுத் தொழிலும் செங்கல் சூளையும். அதற்கப்பால் தைலமரத் தோப்புகள் வரிசை வரிசையாக நின்றன. நிலத்தடி நீரைக் குடிக்கும் மரமென்று பலர் முறையிட்டதன்பேரில், 2017-இல் கருநாடக அரசு புதிதாகத் தைலமரம் நடுவதைத் தடை செய்தது. நட்டவை இன்னும் பல இடங்களில் நிற்கின்றன. டேக்கல் பக்கத்துப் பாறைக் குன்றுகளில் கல்லுடைத்த வடுக்கள். 2024-இன் இறுதியில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட சென்னை விரைவுச் சாலையின் கருநாடகப் பகுதியும் இப்பக்கத்து வயல்களை ஊடறுத்தே செல்கிறது.

ஏரிகளைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். கோலார் மாவட்டம் ஏரிகளின் நாடு. ஆனால் மழை பொய்த்து, ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கிய நாடும் அதுவே. இப்பொழுது சில ஏரிகளில் கோடையிலும் நீர் நிற்கிறது. எங்கிருந்து வந்த நீர்? பெங்களூர் வீடுகளின் கழிவுநீர்! கோரமங்கலம், சல்லகட்டா பள்ளத்தாக்கில் சேரும் நீரைச் சுத்திகரித்து, 2018 முதல் குழாய் வழியே கோலார் ஏரிகளுக்கு அனுப்புகின்றனர். கிணறுகளில் நீர் ஏறிற்று என மகிழ்வோரும் உளர். போதிய அளவு சுத்தம் செய்யாத நீர் நிலத்தைக் கெடுக்கும் என அஞ்சுவோரும் உளர். 'நாம் குளித்த நீரா?' என்று சிறார்கள் முகம் சுளித்தனர். நகரத்தார் முகம் சுளிப்பதற்கு உரிமை உடையவரல்லர் என்பதை மட்டும் அவர்களுக்கு எடுத்துரைத்தோம்.

பங்காரப்பேட்டையில் வண்டி கிளைப் பாதைக்குத் திரும்புகிறது. மைசூரின் தலைமைக் கமிஷனராக இருந்த பௌரிங் துரையின் பெயரால் முன்பு பௌரிங்பேட்டை எனப்பட்ட ஊர் இது. கன்னடத்தில் 'பங்கார' என்றால் பொன். இங்கிருந்து மாரிக்குப்பம் வரை 10 மைல் பாதை 1894-இல் வந்தது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நிலையங்களின் பெயரே சுரங்க வரலாறு சொல்லும். இப்பாதை வந்த காலத்தில்தான் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம்மவர் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். பஞ்சமும், நிலமின்மையும், சாதிக் கொடுமையும் அவர்களைத் துரத்தின. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கப் பொறுப்பை ஏற்றபின் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. மண்ணும் தட்டியும் கொண்டு எழுப்பிய சிறு வீடுகளில் அவர்கள் வாழ்ந்தனர். தங்கவயலைக் 'குட்டி இங்கிலாந்து' எனப் புகழ்ந்து எழுதுவோர் இன்றும் உண்டு. பங்களாக்களையும் ஆட்டக் கழகங்களையும் கண்டு எழுதிய சொல் அது. தட்டி வீட்டில் இருந்தவன் அச்சொல்லைச் சொல்லியிருக்கமாட்டான்.

இரண்டாம் படத்துக்கு 1902 என்று குறித்ததற்குக் காரணம் மின்சாரம். அவ்வாண்டின் ஜூன் திங்களில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து, ஏறத்தாழ 92 மைல் தூரம் கம்பி வழியே மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் அது ஒன்று. திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் தொடங்கிய திட்டம். அதன் நிறைவைக் காண அவர் இருக்கவில்லை. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். தலைநகருக்கு முன்பே தங்கவயல் ஒளி பெற்றது! நீரோ பேத்தமங்கலத்துப் பாலாற்று நீர். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் வேலூரிலும் தாம் கண்ட அதே பாலாற்றின் மேற்பகுதியை, ஊர்விட்டு வந்த தொழிலாளர் இங்கே குழாயில் கண்டனர். காவிரியும் பாலாறும் ஆக இரண்டு ஆறுகள் சுரங்கத்திற்காகத் திருப்பப்பட்டன என்பதை மாணவர்கள் நீல மையால் வரைந்தனர். ஒரு குழுவினர்க்குத் தாளில் இடம் போதவில்லை. சிவசமுத்திரத்தைத் தாளின் பின்புறம் வரைந்தனர்.

மாரிக்குப்பத்தில் இறங்கியதும் எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் திரும்பிற்று. வெளிறிய நிறத்தில், உச்சி தட்டையாக, மழை கிழித்த பள்ளங்களோடு குன்றுகள். ஊரார் 'சைனைடு' என்றே இவற்றைச் சொல்வர். சுரங்கத்துக் கல்லை மில்லில் மாவாக அரைத்து, சயனைடு கலந்த நீரால் பொன்னைக் கரைத்தெடுத்தபின் எஞ்சிய மணலைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடுகள் இவை. மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட மணல். காற்றடிக்கும் காலத்தில் அப்பொடி வீட்டுக்குள்ளும் சோற்றுத் தட்டுக்குள்ளும் வரும். அடியில் கல்தூளைச் சுவாசித்து நெஞ்சுநோய் கண்டு மாண்டோர் பலர். மேலே இருப்போரையும் அத்தூள் விட்டபாடில்லை.

இங்கேதான் வகுப்பில் பெரிய வழக்கு எழுந்தது. இம்மேட்டைப் படத்தில் எந்த நிறத்தில் தீட்டுவது? மலைக்குப் பழுப்பு என்பது புவியியல் புத்தக விதி. "இது மலையில்லையே, மனிதர் கொட்டியது" என்றான் ஒருவன். "உயரமாக இருக்கிறதே, மலைதான்" என்றாள் மற்றொருத்தி. "வாரன் வந்து பார்த்தால் வழி தவறிவிட்டோம் என்று திரும்பிப் போயிருப்பார்" என்று ஒரு சிறுவன் சொன்னதும் வழக்கு முடிந்தது. புதிய குறியொன்று அமைத்தனர்: பழுப்புக் கோட்டுக்குள் சாம்பல் நிறம். நிலப்படத்தில் இயற்கைக்கு ஒரு குறியும் மனிதன் செய்கைக்கு ஒரு குறியும் தேவை என்பதை நாம் கற்பிக்கவில்லை, அம்மேடு கற்பித்தது.

பூட்டிய ஷாப்டு ஒன்றின் அருகே, நிலத்தடியில் முப்பதாண்டுக்கு மேல் வேலை செய்த முதியவர் ஒருவர் எமக்காகக் காத்திருந்தார். சிறார்கள் "தாத்தா, வணக்கம்" என்றனர். அவர் படங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாம் சரி, கண்ணுங்களா. வழியெல்லாம் மேலேயே போட்டிருக்கிறீர்களே? எங்கள் வழி கீழேயல்லவா?" என்றார்.

அந்த ஒரு சொல் பாடத்தையே மாற்றிவிட்டது. வாரனும் லாவெலும் நிலத்தின்மேல் வழி தேடினர். 1880-க்குப் பின் அவ்வழி கீழ்நோக்கித் திரும்பிற்று. சாம்பியன் ரீப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் சென்றது. தொட்டபெட்டாச் சிகரம் 2,637 மீட்டர். அதைத் தலைகீழாக உள்ளே இறக்கினாலும் குழி நிறையாது. கூண்டில் இறங்குவதும், ஒரு மட்டத்தில் மாறி வேறு கூண்டில் மேலும் இறங்குவதும், கையை வைக்க முடியாதபடி சுடும் பாறையின் அருகே வியர்வை ஒழுக நிற்பதும் முதியவர் சொல்லச் சொல்லச் சிறார்கள் அசையாது கேட்டனர். பாறை தன் சுமை தாளாது திடீரென வெடிப்பதை அங்கே 'ஏர் பிளாஸ்ட்' என்பர். "சத்தம் கேட்டால் ஊரில் உள்ள பெண்களெல்லாம் ஷாப்டு வாசலுக்கு ஓடி வருவார்கள். யார் வீட்டுக்காரர் என்று தெரியும்வரை ஒருவரும் பேசமாட்டார்கள்" என்றார். ஒரு சிறுமி, "தாத்தா, உங்களுக்குப் பயமாக இல்லையா?" என்றாள். "பயந்தால் கூலி யார் தருவார்?" என்று சிரித்தார்.

அவ்வாழத்துக்கு இன்னொரு பயனும் உண்டாயிற்று. வானிலிருந்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகளை 1965-இல் இச்சுரங்கத்தின் ஆழத்தில் அறிவியலார் கண்டனர். அதே காலத்தில் தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கம் ஒன்றிலும் அது காணப்பட்டது.

தங்கவயலை உழைப்பின் ஊராக மட்டும் காட்டிவிட்டு வருவது நீதியன்று. 1930-இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தபோது, குற்றவாளிகளைப் போல் நடத்துவதா என எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்த ஊர் அது. அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பின் 1926 முதல் அப்பாதுரையாரின் முயற்சியால் மீண்டும் வெளிவந்ததும் அங்கிருந்தே. இரவில் சுரங்கம், பகலில் படிப்பு என்று வாழ்ந்தோர் அங்கு இருந்தனர்.

1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்கக் கழகம் ஆயிற்று. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் வெளிவந்தது. கல்லில் பொன்னின் அளவு குறைந்து, ஆழத்தில் எடுக்கும் செலவு மிகுந்து, 28-2-2001 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நீரிறைக்கும் பொறிகள் நின்றபின், அக்கீழ்வழிகள் நீரில் மூழ்கின. மணல்மேடுகளில் இன்னும் சிறிது பொன் உண்டு; பதின்மூன்று மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் எண்ணத்திற்கு 2024 ஜூன் திங்களில் கருநாடக அமைச்சரவை இசைவளித்தது. மேடுகளைக் கலைத்து மறுபடி அரைத்தால் ஊருக்கு வேலை வரும் என்பது ஒரு சாரார் நம்பிக்கை. தூள் இன்னும் பறக்குமே என்பது மற்றோர் அச்சம். லைன் வீடுகளில் இருப்போரைக் கேளாமல் இதை முடிவு செய்தல் தகாது என்று நாம் கருதுகிறோம்.

முதியவர் சொன்னதன்பின், மாணவர்கள் நான்காவது தாள் ஒன்று கேட்டனர். வழக்கமாகப் படத்தை மேலிருந்து கீழ்நோக்கிப் பார்ப்போம். இதையோ பக்கவாட்டில் பார்த்து, ஷாப்டை நேர்கோடாக இறக்கி, அதிலிருந்து மட்டங்களைக் கிளையாக விரித்தனர். எந்த மட்டத்தில் யார் வேலை செய்தார் என்று எழுத இடம் விட்டனர். முதியவர் தம் மட்டத்தைத் தாமே சுட்டிக்காட்டி, தம் தோழர் இருவரின் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார். மற்ற மட்டங்கள் வெறுமையாக உள்ளன.

அப்படங்கள் நான்கும் இப்பொழுது சங்கக் கூடத்தின் வடக்குச் சுவரில் உள்ளன. தங்கவயலில் பணிபுரிந்தோரின் குடும்பத்தார், தம் பாட்டனாரோ தந்தையாரோ எந்தச் சுரங்கத்தில், எந்த ஷாப்டில், எந்த மட்டத்தில் வேலை செய்தார் என்பதை அறிந்திருப்பின், ஞாயிறு காலை வகுப்பு நேரத்தில் வந்து சிறார்களிடம் கூற வேண்டுகிறோம். மில்லிலும், மருத்துவமனையிலும், மணல்மேட்டிலும் வேலை செய்த தாய்மார்களின் பெயர்களையும் மறவாது கூறுக. பழைய வேலைச் சீட்டோ நிழற்படமோ இருந்தால் கொணர்க. படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.